ஆறு வட்டமும் ஓர் ஏணியும்

ஆறு தட்டு. ஒண்ணுக்கு மேல ஒண்ணா, ரெண்டு விரல் எடவெளி விட்டு நிக்கிது. அதச் சுத்திச் சுத்தி நூறு தடவ வந்தாலும் ஒரே ஒரு சந்துலதான் வெளிச்சம் பளிச்சுன்னு ஊடுருவுது. மத்த சந்தெல்லாம் எங்க போச்சு? சொல்லுங்க பாப்போம் மாஸ்டர்... அய்யய்யோ, வாயத் தொறக்காதீங்க! அடையாள அட்டைக்கு எடுக்குற படம். அப்பிடியே இருங்க, நானே சொல்லிடுறேன்.

மூணு மாசமா இந்த விடுகதைதான் நம்ம ஸ்டுடியோவ ஆட்டி வைக்கிது. ஹட்டன் டவுன்ல கல்யாணம், ஞானஸ்நானம்னு மரியாதையாப் படம் புடிச்சுக்கிட்டு இருந்தவன் நான். என் தங்கச்சி தெரேசா வந்தா பாருங்க... பேராதனையில கணக்கு ஆராய்ச்சி பண்றா. என் வீட்டுக்காரி மார்கிரட் ரொட்டி சுட்டு அடுக்குனா, எல்லாரும் திம்பாங்க. இவ மட்டும் குனிஞ்சு ரொட்டிக்கு நடுவுல சந்தப் பாப்பா!

என்ன ஆராய்ச்சின்னு கேக்குறீங்களா? தலைய ஆட்டாதீங்க, கண்ணுலயே கேட்டுட்டீங்க. ஒடம்ப அறுக்காம உள்ள இருக்கறத காட்டுற மெஷின் வந்திருக்காமில்ல வெளிநாட்டுல? எக்ஸ்-ரே ஆள சுத்தி வரும், நெழல் நெழலா படம் விழும், அந்த நெழல வச்சு கணக்குப் போட்டு உள்ள இருக்கற உருவத்த கட்டி எழுப்புவாங்க. இப்ப எக்ஸ்-ரேய கூம்பு மாதிரி விரிச்சு விட்டா வேல சுருக்கா முடியுமாம். ஆனா ஒரே மட்டத்துல வட்டமாச் சுத்துனாப் பத்தாதாம்.

நான் விடுவேனா? "ஏண்டி, வட்டம்னா முழுசு. முழுசாச் சுத்தி வந்தப்புறம் என்னடி மிச்சம்?"னேன்.

"அண்ணே, எக்ஸ்-ரேக்குப் பதிலா ஒரு வெளக்குன்னு வச்சுக்குங்க, ஆறு தட்டுக்கும் நடுமட்டத்துல ஓடுது. அதுக்கு நேரா இருக்கற சந்துதான் தெறந்து கெடக்கும். மேல உள்ளதுக்கும் கீழ உள்ளதுக்கும் வெளிச்சம் சாய்ஞ்சு போவுது, தட்டுல முட்டிக்கிது. ஒரு அட்டைய மேசைக்குச் சமமா மேல் தட்டுகிட்ட புடிச்சுப் பாருங்க. எங்கயாச்சும் என் வட்டத்தத் தொடுதா? தொடாது. எந்தப் பக்கம் அட்டையச் சொருகுனாலும் வெளக்கு போன பாதையில படணும். அதுக்கு வட்டத்தோட ஒரு ஏத்தமும் எறக்கமும் வேணும்"னா.

சரிதான், ஆனா ஏறி எறங்குறது யாரு? இந்த லியனார்ட்!

எக்ஸ்-ரேக்கு எங்க போறது? பழைய பெரிய நெகட்டிவ ஆறு வட்டமா வெட்டி, கம்பியில எடவெளி விட்டுக் கோத்து, எங்க ரெக்காட் பிளேயர் மேல நிறுத்திட்டா. ஒரு பக்கம் வெளக்கு, மறுபக்கம் படம் கழுவுற தாள். தட்டு சுத்தச் சுத்த ஒவ்வொரு நெழலா புடிக்கணும். அது லேசு, வெளக்கு சுத்துறதுக்குப் பதிலா ரெக்காட்டு தானாச் சுத்துது. அப்புறம் ஏணி போட்டு, வெளக்க கீழ இருந்து அரை அங்குலம் அரை அங்குலமா ஏத்தி இருபத்திநாலு படம் எடுக்கணும்னு எழுதி வச்சிட்டு பஸ் ஏறிட்டா.

மாஸ்டர், என் முழங்கால் எனக்குத்தான் தெரியும். அன்னைக்கி டிக்கோயாவுல கல்யாணம் வேற. கரண்டும் ரெண்டு தடவ போச்சு... வட்டத்துல எடுத்ததுல இருபத்திநாலப் பொறுக்கி, ஒண்ணக் கொஞ்சம் கறுப்பா, ஒண்ணக் கொஞ்சம் வெளுப்பா கழுவி, பின்னால "ஏணி ஒண்ணு, ஏணி ரெண்டு"ன்னு எழுதிக் குடுத்தனுப்பிட்டேன். என் மக றோசலின்தான் பென்சில்ல எழுதுனா. ஒம்பது வயசு, அழகான எழுத்து.

சிரிக்காதீங்க, படம் ஆடிப்போவும்! கேளுங்க. தெரேசா அந்தப் படங்கள வச்சு ரெண்டு மாசம் கணக்குப் போட்டா. கம்பியூட்டர்ல உருவம் வந்துச்சு. நடுவுல உள்ள ரெண்டு வட்டம் கண்ணாடி மாதிரி. மேலயும் கீழயும் மாவு பெசஞ்ச மாதிரி ஒரே குழப்பம்!

போன ஞாயித்துக்கெழம பூசைக்கு வந்தா. ஒரு வா சோறு எறங்கல. "என் கணக்கே தப்புண்ணே. நாளைக்கு விட்டு அடுத்த திங்கக்கெழம பேராசிரியருங்க முன்னாடி நின்னு, ஆராய்ச்சிய விட்டுடுறேன்னு சொல்லப்போறேன். எங்கயாச்சும் ஸ்கூல்ல படிச்சுக் குடுத்துப் பொழச்சிக்கிறேன்"னுட்டு அழுவுறா. அவ கணக்குல ஒரு பெசகும் இல்ல மாஸ்டர். வட்டம் மட்டும் குடுத்தா இப்பிடித்தான் வரும்னு அவதான மொதல்லயே சொன்னா! அது அப்பிடியே வந்திருக்கு. அத அவகிட்ட சொல்லணும்னா, நான் ஏறலன்னு சொல்லணும்... அண்ணன் நான். சாம்பாரு வாளிய எடுத்துக்கிட்டு குசினி அடுப்புகிட்ட போயிட்டேன்.

றோசலின் என்னையே பாத்துக்கிட்டு நின்னா. கூட்டிக்கிட்டுப் போயி, "இது நமக்குள்ளயே இருக்கட்டும் மகளே. ஏப்ரல்ல நுவரெலியாவுல ஒன்ன குதிர மேல ஏத்துறேன்"னேன். ஒரு வருசமாக் கேட்டுக்கிட்டு இருக்கா. தலைய ஆட்டுனாளா, ஆட்டலயான்னுகூட தெரியல.

தாடைய எறக்கிடாதீங்க... இதோ எடுத்துட்டேன். எந்திரிங்க மாஸ்டர், அந்த ஏணியில இடிச்சுக்காம வாங்க. காலையில இருந்து ஏறி எறங்கிக்கிட்டு இருக்கேன், பதினேழாவது ஏணிப் படம் நீங்க வர்றப்பத்தான் முடிஞ்சிது. சனிக்கெழமைக்குள்ள இருபத்திநாலையும் எடுத்து, நானே பேராதனைக்குக் கொண்டுபோய்க் குடுக்கணும். அவ வந்து கத்துறதுக்கு முன்னாடி போயிடணும்.

றோசலினா? குதிர வேணாம்னுட்டா. செவ்வாக்கெழம ஸ்கூலுக்குப் போற வழியில, அத்தைக்கு எல்லாத்தையும் எழுதி ஒரு போஸ்ட் காட் போட்டுட்டா.