மூடியும் தண்ணீரும்

தண்ணீர் உறைந்தால் விரியும். பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்ததுதான். ஆனால் கட்டிலும் அடுப்பும் குளிப்பறையும் உள்ள கேம்பர் வண்டி வைத்திருக்கிறவர்களில் பாதிப்பேர் முதலாவது குழாய் வெடித்த பிறகுதான் அதை நம்புகிறார்கள்.

செல்வராணி அக்கா, இதையும் மொழிபெயர்த்துச் சொல்லுங்கள். தேவையில்லாத கதை என்று விட்டுவிடாதீர்கள். இந்தப் பொலிஸ் ஐயாவும் கேம்பர் வைத்திருக்கிறார், அவருக்கு விளங்கும்.

என் பெயர் பிருந்தாபன். கிளிநொச்சி வளாகத்தில் பொறியியல் படித்தவன். வேணுகாவைக் கட்டி இங்கே வந்தேன். அவள் இந்த நாட்டிலேயே, பாடனில் பிறந்தவள். என் பட்டத்தை இங்கே யாரும் கணக்கில் எடுக்கவில்லை. ஓல்டனில் கேம்பர் திருத்தும் இடமொன்றில் வேலை கிடைத்தது. அதில் எனக்குக் குறையில்லை. இலையுதிர் காலத்தில், ஊர்ஸ் என்ற விவசாயியின் கொட்டகையில் நிறுத்தியிருக்கும் வண்டிகளையும் நானே குளிர்காலத்துக்கு ஆயத்தப்படுத்துவேன். முன்பு மாடு கட்டிய கொட்டகை. இப்போது வெள்ளை வண்டிகள் வரிசையாக நிற்கின்றன.

வேலை ஒன்றும் பெரிதில்லை. தாங்கியைத் திறந்து தண்ணீரை ஓடவிட வேண்டும். தண்ணீர் சுடவைக்கும் காஸ் பொய்லரையும் திறந்துவிட வேண்டும். பிறகு எல்லாக் குழாய்களையும் சூட்டுக்கும் குளிருக்கும் நடுவில் திருப்பி, திறந்தபடி விடவேண்டும். குளிக்கும் குழாயின் தலையைக் கீழே கிடத்த வேண்டும். மிஞ்சிய தண்ணீரைக் காற்றடித்து வெளியேற்ற வேண்டும். கடைசியாக, பொய்லரின் புகை வெளியேறும் வாய்க்கு வெளியிலிருந்து ஒரு மூடி போடவேண்டும். இல்லாவிட்டால் எலியும் பூச்சியும் உள்ளே குடியேறிவிடும்.

மூடியைப் போட்டால் ஸ்டியரிங்கில் ஒரு சிவப்பு அட்டையைத் தொங்கவிடுவேன். இளவேனிலில் யாராவது மறந்துபோய், மூடியைக் கழற்றாமல் பொய்லரைப் பற்றவைத்தால் நச்சுப் புகை வண்டிக்கு உள்ளேதான் போகும். அதற்காக. என் ஜெர்மன் எழுத்து சரியில்லை என்று அட்டைகளை வேணுகாதான் எழுதித் தந்தாள். ‘மூடி போட்டிருக்கிறது. கழற்றிய பிறகே பற்றவைக்கவும்.’ உருண்டை உருண்டையான எழுத்து. அவள் வேலை செய்த முதியோர் இல்லத்தில் மருந்துப் பெட்டிகளுக்கும் அப்படித்தான் எழுதுவாள்.

அந்தக் கொட்டகையில் எங்கள் வண்டியும் நிற்கும். பழைய வண்டி. புகை வந்தால் அடிக்கிற எச்சரிக்கை மணி ஒன்றும் அதில் இல்லை. கலியாணத்துக்கு முன் வேணுகா தன் காசில் வாங்கியது.

தீபாவளியன்று அந்த வண்டிக்குள் வேணுகாவும் இன்னொருவரும் இறந்துபோனார்கள். நீங்கள் விபத்து என்று எழுதினீர்கள். நான் கொள்ளி வைத்தேன். வந்தவர்கள் எல்லோரும், இவ்வளவு இளம் வயதில் இப்படியா என்று என் கையைப் பிடித்தார்கள். போன கிழமை இந்த ஐயா என்னைக் கூப்பிட்டு ஒரேயொரு கேள்வி கேட்டார். புகைவாயில் மூடி இருந்தது, தாங்கியில் தண்ணீர் இருந்தது. எது சரி, வண்டி குளிர்காலத்துக்கு மூடப்பட்டதா, இல்லையா என்று.

நல்ல கேள்வி. மூடி போட்டால் தண்ணீர் இருக்காது. தண்ணீர் இருந்தால் மூடி இருக்காது. இந்தத் தொழிலில் இருக்கிறவன் இரண்டையும் ஒன்றாக வைக்கமாட்டான். நான் யோசித்துவிட்டு வருகிறேன் என்று சொன்னேன். வந்திருக்கிறேன்.

என் தம்பியைப் பற்றி ஐயா இரண்டு தரம் கேட்டார். அதையும் சொல்லிவிடுகிறேன். பானுஜன் போன வருசம் இத்தாலி வழியாக வந்தான். எல்லைக்குப் பக்கத்தில், கோமோவிலிருந்து போன் எடுத்தான்.

“அண்ணை, நான் கிட்ட வந்திட்டன்.”

“ஆர் உன்னை வரச் சொன்னது?”

“ஒருத்தரும் சொல்லேல்லை. நீங்கள் இருக்கிறியள் எண்டுதான் வந்தனான்.”

“அகதிக் காம்புக்குப் போய்ப் பதி. என்ர பேரை ஒரு இடமும் சொல்லாதை.”

சொல்லவில்லை. அவன் சின்னனிலிருந்தே சொல்வழி கேட்கிறவன். இந்த ஆவணியில் அவனுடைய அகதி விண்ணப்பத்துக்கு நெகட்டிவ் வந்தது. திருப்பி அனுப்பப் போகிறார்கள் என்று காம்பிலிருந்து வெளியேறி, மறுபடி போன் எடுத்தான். வேணுகா பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

“ரெண்டு கிழமை எங்களோட நிக்கட்டுமே. என்ன குறைஞ்சு போகுது?”

“பொலிஸுக்குத் தெரிஞ்சா என்ர பெர்மிட் போயிடும். நிரந்தரமா இருக்க சி பெர்மிட்டுக்குக் குடுத்திருக்கிறன் எல்லோ?”

“எங்கட பிள்ளை எண்டா விடுவியளோ?”

“எங்களுக்குப் பிள்ளை இல்லை, வேணுகா. அவன்ர கதை இனி இந்த வீட்டில வேண்டாம்.”

அவள் எழும்பிச் சட்டி கழுவப் போனாள். விளங்கிக்கொண்டாள் என்று நினைத்தேன். எங்கள் வீட்டில் சண்டை கிடையாது. நான் குரல் உயர்த்துகிற ஆள் இல்லை.

அதற்குப் பிறகுதான் அவள் மாறினாள். போனைக் கவிழ்த்து வைக்கத் தொடங்கினாள். சோறு வழமையைவிடக் கூடப் போட்டாள், ஆனால் சட்டியில் மிச்சம் இருப்பதில்லை. வேலை முடிந்து தாமதமாக வந்தாள். கேட்டால், இல்லத்தில் வேலைக்கு ஆள் காணாது என்றாள். வீட்டில் இடுப்பில் கட்டுகிற நீலக்கோட்டுச் சாரம் ஒன்று எனக்கு இருந்தது, அதைக் காணவில்லை. கிழிந்துபோனது, நிலம் துடைக்க எடுத்துவிட்டேன் என்றாள். ஒரு மனிதன் ஏமாற்றப்படுகிறான் என்பதை ஊர் சொல்லி அறிகிறதை விடச் சட்டி பானை பார்த்து அறிவது நல்லது. யாருக்கும் தெரியாமல் இருக்கும்.

ஒக்டோபரில் ஒருநாள், சாப்பிடும்போது, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

“இஞ்சருங்கோ, இந்தமுறை எங்கட வண்டியில தண்ணியை எடுக்காதேங்கோ.”

“ஏன்?”

“ஒருக்கா கூர் மலைப் பக்கம் பனி பாக்கப் போவமெண்டு யோசிச்சன்.”

“நீர் பனி பாக்கவோ? பிறந்த நாள் தொடக்கம் பனிக்குள்ளதானே இருக்கிறீர்.”

“எனக்கில்லை. உங்களுக்குக் காட்டத்தான்,” என்று சிரித்தாள்.

நல்ல சிரிப்பு. பொய் சொல்லும்போது வருகிற சிரிப்பு என்று அன்றைக்குத்தான் கவனித்தேன். குளிருக்கு அவள் கட்டிலில் கூடக் காலுறையோடுதான் படுப்பாள்.

தீபாவளிக்கு முதல்நாள் நான் கொட்டகைக்குப் போனேன். மற்ற வண்டிகளை ஒவ்வொன்றாக முடித்தேன். எங்கள் வண்டியைக் கடைசியாகத் திறந்தேன். உள்ளே ஆள் இருக்கிற சூடு. கழுவிக் கவிழ்த்த இரண்டு கோப்பை. கொடியில் என் நீலக்கோட்டுச் சாரம், நனைந்தபடி. ஒரு தலையணையும் ஒரு போர்வையும்தான் இருந்தன. அதை நான் அப்போது பெரிதாக எடுக்கவில்லை. நான் பார்த்தது சாரத்தை. என் சாரத்தை இன்னொருவனுக்குக் கட்டக் கொடுத்து, எனக்கு நிலம் துடைக்கிற கதை சொல்லியிருக்கிறாள். அக்கா, ‘துரோகம்’ என்ற சொல்லுக்கு ஜெர்மனில் சரியான சொல் இருந்தால் அதைப் போடுங்கள்.

ஊர்ஸ் உள்ளே வந்தார். நல்ல மனிதர். யாரிடமும் விசாப் பேப்பர் கேட்கமாட்டார்.

“உன் தம்பி என் மகனோடு காட்டுக்கு விறகேற்றப் போயிருக்கிறான். இருட்டுமுன் வந்துவிடுவான். நில், கோப்பி போடுகிறேன்,” என்றார். பிறகு, “நீ சொல்லாவிட்டாலும் தெரியும். அதே நடை,” என்று என்னைப் போல நடந்தும் காட்டினார்.

ஊர்ஸுக்கு எல்லாத் தமிழரும் அண்ணன் தம்பிதான். ஓல்டனில் கடை வைத்திருக்கும் தில்லைநாதன் அண்ணையை ஒருமுறை என் அப்பா என்றார். தில்லைநாதன் அண்ணை அதற்காக இன்னும் கோபம். ஆகவே நான் அதைக் காதில் போடவில்லை. வேலை இருக்கிறது என்று சொன்னேன். கோப்பி குடிக்கவில்லை.

பிறகு நான் செய்தவை இவை. தாங்கியில் தண்ணீர் குறைவாக இருந்தது. நிரப்பினேன். தண்ணீர் இருக்க வேண்டும் என்று மனைவி கேட்டிருந்தாள். வெளியே வந்து புகைவாய்க்கு மூடி போட்டேன். குளிர்காலத்துக்கு மூடி போடுவது என் வேலை. ஒன்று அவள் கேட்டது, மற்றது நான் எப்போதும் செய்வது. தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றிலும் பிழையில்லை. சிவப்பு அட்டையை எடுத்தேன். கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தேன். பிறகு ஜாக்கெட் பையில் போட்டேன். இப்போதும் அங்கேதான் இருக்கிறது. இதோ, எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தநாள் தீபாவளி. இதை ஐயாவுக்கு விளக்கமாகச் சொல்லுங்கள். அன்றைக்குக் காலையில் எங்கள் ஆட்கள் எண்ணெய் தேய்த்துச் சுடுதண்ணீரில் முழுகுவார்கள். மற்ற நாட்களில் ஈரத்துணியால் துடைத்துக்கொண்டு கிடக்கிறவனும் அன்றைக்கு முழுகுவான். ஆகவே பொய்லரை எப்போது பற்றவைப்பார்கள் என்று யோசிக்கத் தேவையே இருக்கவில்லை.

வேணுகா முதலில் எனக்கு எண்ணெய் வைத்தாள். “கண்ணை மூடுங்கோ, காந்தும்,” என்றாள். உச்சியில் மூன்று தரம் தட்டினாள். முழுகிவிட்டு வந்தபோது ஒரு புதுச் சட்டையை விரித்து, “இதை ஒருக்காப் போட்டுப் பாருங்கோ,” என்றாள். நீல நிறம். தைத்து வைத்தது மாதிரி இருந்தது. “சரியான அளவு,” என்று சொல்லிக் கழற்றி வாங்கிக்கொண்டாள். எனக்கு வேறொன்று தந்தாள், சாம்பல் நிறம். நீலச் சட்டை, நல்லெண்ணெய்ப் போத்தல், சீயக்காய்ப் பை எல்லாம் அவளுடைய பைக்குள் போயின.

“எங்க போறீர்?”

“பாடனுக்கு. அம்மாவுக்கும் எண்ணெய் வைக்கவேணும்.”

“மாமி நீலச் சட்டை போடுவாவோ?”

அவள் சப்பாத்துக் கட்டிக்கொண்டிருந்தாள். கை ஒரு கணம் நின்றது.

“வந்து சொல்லுறன். எல்லாம் வந்து சொல்லுறன். கோவிக்காமக் கேக்கவேணும், என்ன?”

“ஓம்,” என்றேன். “நான் எப்ப கோவிச்சனான்?”

கதவடியில் நின்று என் நெற்றியில் திருநீறு பூசிவிட்டுப் போனாள். நான் சாம்பல் சட்டையைப் போட்டுக்கொண்டு, அவள் சுட்டு வைத்த வடையைச் சாப்பிட்டேன். ஜன்னலில் முதல் உறைபனி படிந்திருந்தது. அவளைப் போகாதே என்று சொல்லச் சில நிமிடங்கள் இருந்தன. போன் மேசையில்தான் கிடந்தது. சொல்லியிருந்தால் காரணமும் சொல்லவேண்டி வந்திருக்கும்.

அவளுக்கு ஒன்றும் நடக்கக்கூடாது என்பதுதான் என் எண்ணம். இதை எழுதிக்கொள்ளுங்கள். அவன் முழுகும்போது அவள் வண்டிக்கு வெளியில் நிற்பாள், ஊர்ஸின் மனைவியோடு கதைத்துக்கொண்டிருப்பாள் என்று நினைத்தேன். ஒரு ஆண் முழுகும் இடத்தில் அவள் நிற்கமாட்டாள், அப்படி வளர்ந்தவள் இல்லை. ஆனால் அன்றைக்குக் குளிர் வழமையிலும் கூட. குளிப்பறைக் கதவை அவன் சாத்திக்கொண்டதும், அவள் இந்தப் பக்கம் இருந்து அடுப்பில் தோசைக்கல்லை வைத்திருக்கிறாள். ஜன்னல் எல்லாம் பூட்டியிருந்தது. அவள் கொஞ்சம் குளிரைத் தாங்கியிருந்தால் இன்றைக்கு இருந்திருப்பாள்.

என்ன அக்கா? ஏன் மொழிபெயர்க்காமல் இருக்கிறீர்கள்?

இவ என்னிடம் ஒரு கேள்வி கேட்கிறா, ஐயா, எனக்குத் தெரிந்த ஜெர்மனில் நானே சொல்கிறேன். மொழிபெயர்ப்பாளர் கேட்கக்கூடாது, ஆனாலும் கேட்டுவிட்டா. “தம்பி, கள்ளப் புருசன் முழுகினா அவள் ஏன் வெளியில நிக்கவேணும்? கொழுந்தன் முழுகினாத்தானே மச்சாள்காரி வெளியில நிப்பாள்?” என்று கேட்கிறா.

ஒரு நிமிடம் தாருங்கள். தண்ணீர் இருந்தால் நல்லது.

எனக்கு யாரும் சொல்லவில்லை. அதுதான் உண்மை. வேணுகா சொல்லவில்லை, வந்து சொல்கிறேன் என்றுதான் சொன்னாள். பானுஜன் சொல்லவில்லை, என் பேரை ஒரு இடமும் சொல்லாதே என்று நான்தானே சொல்லியிருந்தேன். பிரேத அறையில் துணியை விலக்கியபோது அவன் தலையில் எண்ணெய் இருந்தது. உங்கள் ஆள் ‘இவரைத் தெரியுமா’ என்று கேட்டார். தெரியும் என்றேன். உடனே சொன்னேன். என் குரல் நடுங்கவில்லை என்று உங்கள் ஆள் எழுதியிருப்பார். நீலச் சட்டை மடித்தபடி, விலைச்சீட்டுக்கூடக் கழற்றாமல், கதிரையில் இருந்ததாம். அதை என்னிடம் திருப்பித் தந்தீர்கள். என் அளவுதான்.

சி பெர்மிட் வேணுகாவின் அந்தியேட்டிச் சடங்குக்கு முதல்நாள் தபாலில் வந்தது. அதில் ஒரு பிழையும் இல்லை.

அவள் என்னிடம் மறைத்தாள். யாரை மறைத்தாள் என்பது இரண்டாவது விசயம். கட்டின புருசனை நம்பாமல், பின்னால் நின்று ஒரு காரியம் செய்தாளே, அதை என்னால் தாங்க முடியவில்லை. இவ்வளவுதான் என் தரப்பு.

ஊர்ஸைப் பற்றியும் கேட்டீர்கள். அவர்மேல் ஒரு பிழையும் இல்லை. கொஞ்சம் நில், இருட்டுமுன் வந்துவிடுவான் என்று அவர் சொன்னார். எனக்கு அவசரமான வேலை எதுவும் இருக்கவில்லை. நின்றிருந்தால் அவன் விறகோடு வந்து இறங்கியிருப்பான். “அண்ணை” என்றிருப்பான். பிறகு நான் பையிலிருந்த அட்டையை எடுத்துத் தொங்கவிட வேண்டி வந்திருக்கும்.