இரண்டு மணி நேர ஐஸ்கிரீம்

— நாலு பல்லு! ஆறு வயசுப் பிள்ளைக்கு நாலு பல்லுல சொத்தை. சொல்லுங்க பாப்போம், இதுக்கு யாரு பொறுப்பு?

— மெதுவாப் பேசு. காத்திருக்கிறவங்க எல்லாரும் நம்மளயே பாக்குறாங்க.

— பாக்கட்டும். உள்ள என் பொண்ணு வாயைத் திறந்து வச்சுக்கிட்டு உக்காந்திருக்கா. டாக்டர் என்னைத்தான் கேக்குறாரு, ‘என்னம்மா குடுக்குறீங்க?’ன்னு. வீட்ல சீனி டப்பாவே பரண்லதான் இருக்குன்னு சொன்னா நம்புவாரா?

— அவ என் பொண்ணும்தான்.

— சனிக்கிழமைக்கு மட்டும்.

— சரி தாயே, சனிக்கிழமைக்கு மட்டும். அந்த ஒரு நாள்ல ஒரு ஐஸ்கிரீம். அதுக்கு நாலு பல்லா?

— ஒண்ணா? சொல்லுங்க பாப்போம், ஒண்ணா?

— ரெண்டு. சில நாள் மூணு. பெரிய கப்புதான் கேப்பா. அட விடு, குழந்தைதானே கேக்குது.

— டாக்டர் சொல்றாரு, எத்தனைங்கிறது கூடப் பெரிசில்லையாம். ஒரே மூச்சுல தின்னுட்டு வாய் கொப்புளிச்சாப் பரவாயில்லையாம். மணிக்கணக்கா இனிப்பை வாயிலயே வச்சிருந்தாத்தான் பல்லை அரிக்குமாம். நாலு மணிக்குக் கூட்டிட்டுப் போறீங்க. அஞ்சரைக்குக் கொண்டுவந்து விடணும்னு பேச்சு. ஆறரை ஆகுது. அவ்வளவு நேரம் என்னத்தைத் தின்ன வைக்கிறீங்க?

— நானா வைக்கிறேன்? உக்காந்ததுமே ‘சாப்பிட்டு முடி கண்ணு, கிளம்பலாம்’னுதான் சொல்றேன். அவ ஸ்பூன் நுனியில தொட்டுத் தொட்டு நக்குறா. உருகிக் கூழாப் போயிடும், அதையும் உறிஞ்சிக்கிட்டே இருப்பா. முடியப் போகுதுன்னு பாத்தா இன்னொரு கப்பு. கடைக்காரர் காலிக் கப்பை எடுத்துட்டு மேஜையைத் துடைச்சாத்தான் எழுந்திருப்பா.

— பக்கத்து வீட்ல கேக்கு குடுத்தா ரெண்டே வாய். முழுங்கிட்டு விளையாட ஓடிடுவா.

— அப்படியா? எனக்குத் தெரியாதே.

— உங்களுக்கு என்னதான் தெரியும்? இனிமே இனிப்பு கிடையாது. வாங்கிக் குடுத்தீங்கன்னா சனிக்கிழமையும் கிடையாது.

— அப்படிச் சொல்லாத.

— சொல்றேன். பிள்ளை வலியில துடிக்கிறதைப் பாக்குறவ நான்.

— கொஞ்சம் கேளு. வாரம் பூரா லிஃப்ட் ரிப்பேர்னு கட்டடம் கட்டடமா ஏறி இறங்குறேன். என்கிட்ட வாயைத் திறக்கிறது லிஃப்டுக்குள்ள பதிவு பண்ணி வச்ச பொம்பளைக் குரல் ஒண்ணுதான். அதுவும் ‘கதவு மூடப்படுகிறது’ன்னு சொல்லும். ரூமுக்கு வந்தா டிவியைப் போட்டுட்டுத்தான் சோத்துல கை வைக்கிறேன், யாராவது பேசட்டுமேன்னு. சனிக்கிழமை உன் வாசல்ல வந்து நிக்கிறப்போதான் எனக்கு உயிரே வருது.

— அதுக்குப் பிள்ளை பல்லுதான் கிடைச்சுதா?

— எனக்குக் கதை சொல்ல வராது. அவளோட விளையாடவும் தெரியாது. ஐஸ்கிரீமும் இல்லேன்னா அவ எதுக்கு என்கூட வரணும்? பயமா இருக்கு.

— இதை அப்பவே சொல்லியிருக்கலாம்.

— எதை?

— பயமா இருக்குன்னு. சேர்ந்து இருந்த எட்டு வருஷத்துல ஒரு நாளாவது. எதைக் கேட்டாலும் ‘அட விடு, அட விடு’ன்னே ஓட்டிட்டீங்க.

— இப்பச் சொல்லிட்டேன்.

— கதவு திறக்குது பாருங்க. வாடி தங்கம், வலிச்சுதா?

— கன்னத்தைக் காணோம்மா! தொட்டாத் தெரியவே இல்ல.

— மரத்துப் போயிருக்குடி. கொஞ்ச நேரத்துல வந்துடும். யாரு வந்திருக்கா பாரு.

— அப்பா! இன்னிக்குச் சனிக்கிழமை இல்லையே?

— இல்ல கண்ணு. சனிக்கிழமையும் வருவேன். ஆனா இனிமே ஐஸ்கிரீம் வேணாம், சரியா? பல்லு பாவம்ல.

— வேணும்! பெரிய கப்பு வேணும்!

— பாத்தியா? நான் சொன்னேன்ல.

— அழாதடி. அப்பா வேற எங்கயாவது கூட்டிட்டுப் போவாரு.

— ஆமா கண்ணு, ஊஞ்சலுக்குப் போலாம். உயரமா ஆட்டி விடுறேன்.

— ஊஞ்சல் எப்ப முடியும்?

— அது முடியறதுக்கு என்ன இருக்கு? ஏன் கேக்குறே?

— ஐஸ்கிரீம்னா நான் மெதுவா, மெதுவா தின்னுவேன்ப்பா. அது தீராத வரைக்கும் நீ என்னை வீட்ல கொண்டுபோய் விடமாட்டேல்ல.