பழைய பிளக் நாலு

கார் என்ஜினில் பிளக்கை முதலில் விரலால்தான் முடுக்க வேண்டும், ஐயா. ஸ்பேனர் கடைசியில்தான். அவசரப்பட்டால் மரை போய்விடும். இந்தப் பொறுமை எனக்குப் பிறவியிலேயே உண்டு. தசரதன் படகில் போன நாலு பேரும் ஏன் உயிரோடு திரும்பவில்லை என்றுதானே கேட்டீர்கள்? அதற்குத்தான் வருகிறேன்.

நான் கங்காதரன், கோட்டைக்குப்பம். மீனவர் குடும்பம்தான், ஆனால் எனக்குக் கடல் ஒத்துக்கொள்ளவில்லை. பதினெட்டு வயதில் தசரதனோடு ஒரே ஒரு நாள் போனேன். குடலே வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்து, பாய்மரத்தைக் கட்டிக்கொண்டு அம்மாவைக் கூப்பிட்டேனாம். அதை அவன் இருபத்திரண்டு வருஷமாக நடித்துக் காட்டினான். கல்யாணம், காதுகுத்து, எங்கே நாலு பேர் கூடினாலும் அதுதான். நன்றாகவே நடிப்பான், பொய் சொல்லக் கூடாது. என் மகள் நிச்சயதார்த்தத்தில் சம்பந்தி வீட்டார் முன்னால் நடித்தபோது நானே விழுந்து விழுந்து சிரித்தேன்.

பிழைப்புக்குப் பழவேற்காடு அப்துல் ஷுக்கூர் பாயின் பழைய மோரிஸ் காரை ஓட்டினேன். தங்கமான வண்டி. எண்பத்து மூன்றில் பாயின் மருமகன் சிங்கப்பூரிலிருந்து எலக்ட்ரானிக் இக்னிஷன் பெட்டி ஒன்று அனுப்பினார். மாட்டியதும் வண்டி பறந்தது. ஆனால் பிளக்கில் தெறிக்கிற பொறி அவ்வளவு பலம். வண்டியிலிருந்த பழைய பிளக்கோடு ஓட்டினால் பக்கத்தில் ஒரு ரேடியோவும் பேசாது, 'கர்ர்' என்று இரையும். பஞ்சாயத்து ரேடியோவில் வானிலை கேட்க வருகிறவர்கள் என்னைத் திட்டித் தீர்த்தார்கள்.

"இன்னாடா கங்கா, கடல்ல நீ கத்துன, கரையில உன் வண்டி கத்துதா?" என்றான் தசரதன். ஊரே சிரித்தது.

பாய் சென்னையிலிருந்து ரெசிஸ்டர் வைத்த பிளக் நாலு வாங்கிவந்தார். அதைப் போட்டதும் இரைச்சல் போன இடம் தெரியவில்லை. அந்தச் சந்தோஷத்தில் வண்டிக்குள்ளேயும் ஒரு ரேடியோ மாட்டிவிட்டார். பழைய நாலையும் துணியில் சுற்றி டிக்கியில் வைத்தேன். எதையும் தூக்கிப்போடுகிற பழக்கம் எனக்கில்லை.

ஐப்பசியில் ஒரு நாள் பொன்னேரியில் சவாரி இறக்கிவிட்டுத் திரும்புகிறேன். ரேடியோ அவ்வளவு துல்லியம். திருப்பாலைவனம் வரும்போது, புயல் வருகிறது, மீனவர்கள் கடலுக்குப் போக வேண்டாம் என்றார்கள். அந்த வாரம் எங்கள் ஊரில் மற்றவர்களெல்லாம் ஏரியில் இறாலுக்கு வலை போட்டுக்கொண்டிருந்தார்கள். விடிந்தால் கடலுக்குப் போவதாக இருந்தது தசரதன் படகு ஒன்றுதான். வண்டியை ஓரங்கட்டினேன். சூடான என்ஜினில் பிளக் கழற்றக் கூடாது, அதனால் அரை மணி நேரம் காத்திருந்தேன். ஒரு இளநீர் குடித்தேன். பிறகு பழைய நாலையும் மாட்டினேன். ஓட்டுகிற வண்டிக்குப் பிளக் மாற்றுவது குற்றம் என்று எந்தச் சட்டத்திலாவது இருக்கிறதா?

சாயங்காலம் வானிலை சொல்கிற நேரத்துக்குப் பஞ்சாயத்து ரேடியோ பக்கத்தில் வண்டியை நிறுத்தி, என்ஜினை ஓடவிட்டேன். தசரதன் காதில் கையை வைத்துக்கொண்டு வந்தான்.

"டேய், ஆஃப் பண்ணுடா. ஒண்ணும் கேக்கல."

"பேட்டரி வீக்குப்பா. ஆஃப் பண்ணா அப்பால எடுக்காது."

அதற்குள் வானிலை சொல்கிற நேரம் முடிந்துவிட்டது. "சரி, நீ வண்டில கேட்டிருப்பியே. காத்து கீத்துன்னு எதுனா சொன்னானா?" என்றான்.

"கேட்டேன். ஒண்ணுமில்லன்னுட்டான்."

நான் செய்தது அவ்வளவுதான், ஐயா. மற்றதெல்லாம் காற்று செய்தது. அவன் என் தோளில் தட்டிவிட்டு, போகிற போக்கில் பாய்மரத்தைக் கட்டிக்கொண்டு அழுகிற மாதிரி ஒரு தடவை நடித்தான். அன்றைக்கு ரொம்பப் பிரமாதம். வயிறு வலிக்கச் சிரித்தேன்.

கூடப் போன கோதண்டம், ராஜேந்திரன், ஆபிரகாம் மூன்று பேர்மேலும் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. ஆபிரகாம் பாவம், அந்த நடிப்புக்குச் சிரிக்கவே மாட்டான்.

மூன்றாம் நாள் உடல்கள் கரை ஒதுங்கின. அடையாளம் காட்டுவதற்குத் தசரதன் பெண்டாட்டி முனியம்மாவைப் பொன்னேரி ஆஸ்பத்திரிக்கு நான்தான் அழைத்துப்போனேன். பள்ளம் மேடு பார்த்து, உடம்பு அலுங்காமல் ஓட்டினேன். திரும்பும்போது அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உன்ன மாரி மனசு யாருக்குண்ணா வரும்?" என்றாள்.

நானும் அதையேதான் நினைத்துக்கொண்டு வந்தேன், ஐயா.