நல்லா எரியற நெருப்பு

"நெருப்பு ரொம்ப நல்லா எரியறதுதான் கண்ணு வினையே."

பேளுக்குறிச்சிச் சந்தையிலிருந்து கொல்லிமலை ஏறும் பஸ்ஸில், முன் சீட்டுக்காரர் பெண்டாட்டியிடம் இப்படிச் சொன்னதும் என் தூக்கம் கலைந்தது. அவருக்கு அனல் மின் நிலையத்தில் பாய்லர் வேலை, வீடும் அதன் பக்கத்திலேயே என்பது பேச்சில் தெரிந்தது. மூச்சிழுப்புக்காரியான அந்த அம்மாவைத் மலைமேல் தேவனூர் நாட்டிலுள்ள தாய்வீட்டில் விடப் போகிறார்.

"அதெப்படிங்க?"

"அந்தச் சூட்டுல காத்தே வெந்து விஷவாயுவா மாறிப் போயிருது."

"சாமை பொங்கினா நாங்க வெறகை வெளிய இழுத்துருவோம். அப்படித் தணிக்கலாமுங்களே?"

"தணிச்சோமே. கரி பத்திக்கிற எடத்துல காத்தைக் குறைச்சு, மிச்சத்தை நெருப்புக்கு மேல தள்ளி உட்டோம். வாயு குறைஞ்சுது."

"அப்புறமென்னங்க?"

"கரி முழுசா எரியாம சாம்பல்ல நின்னுச்சு. சாம்பலை வாங்கற சிமெண்ட் கம்பெனிக்காரங்க இது வேண்டாம்னுட்டாங்க. பழையபடியே காத்தைத் திறந்து உடச் சொல்லி ஆர்டர் வந்துருச்சு."

அந்த அம்மா இருமி முடிக்கும் முன் பஸ் அடுத்த கொண்டை ஊசி வளைவுக்கு வந்துவிட்டது.

"நீ எப்பக் கண்ணு நம்ம ஊட்டுக்கு வருவே?"

"அந்தப் புகை நின்னதும் வாரேனுங்க."

"புகைன்னா பரவாயில்லியே. சாம்பப் புகையைப் பிடிக்க மிஷின் இருக்குது. இது கண்ணுக்கே தெரியாது."

"அப்ப நின்னுச்சான்னு எனக்கு எப்படிங்க தெரியும்?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பியபடி சொன்னார்.

"கீழ வந்து மூச்சு உட்டுப் பாத்தாத்தான் தெரியும்."