பின்பாரம்

படுக்கை வைத்த கேம்பர் வண்டி வாங்கப் போகிறவர்கள் எல்லோரும் முதலில் உள்ளே ஏறிப் படுத்துப் பார்ப்பார்கள். அது தப்பு சார். முதலில் குனிந்து அடியில் பார்க்க வேண்டும். மெத்தை எப்படி இருந்தாலும் தூக்கம் வந்துவிடும். எடை எங்கே உட்காருகிறது என்பதுதான் சங்கதி. நீங்கள் இன்ஷூரன்ஸ் சர்வேயர், இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆனாலும் முதலிலிருந்தே சொல்கிறேன். டீ ஆறப் போகிறது, குடியுங்கள்.

என் பெயர் ஸ்டான்லி. போடி பஜாரில் இந்த ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைப்பதற்கு முன்னால், கம்பத்திலிருந்து குமுளி மலை ஏறி வாழைத்தாரும் திராட்சையும் பிக்கப்பில் கொண்டுபோனவன். பாரம் ஏற்றுவதைப் பற்றி இந்தப் பக்கத்தில் எனக்கு யாரும் பாடம் எடுக்க முடியாது. பெருமைக்குச் சொல்லவில்லை. பாவம், தெரியாமல் செய்துவிட்டான் என்று நீங்கள் எழுதிவிடக் கூடாது, அதற்காகச் சொல்கிறேன்.

வண்டி என் மச்சான் தங்கபாண்டியுடையது. என் அக்கா சாராளின் வீட்டுக்காரர். தாலுகா ஆபீஸில் இருந்து ரிட்டயர் ஆனவர், தங்கமான மனிதர். காலமெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு எழுந்ததும் அவருக்குக் காடு மலை ஆசை வந்துவிட்டது. செல்போனில் வீடியோ பார்த்துப் பார்த்துக் கெட்டுப்போனார். பிக்கப்பின் முதுகில் ஒரு குட்டி வீட்டைத் தூக்கி வைத்து, படுக்கை, அடுப்பு, தண்ணீர் எல்லாவற்றையும் அதற்குள் அடக்கிக்கொண்டு, தார் ரோடு எங்கே முடிகிறதோ அங்கிருந்து கிளம்ப வேண்டுமாம். முதலில் வருசநாட்டு மலை, அப்புறம் கூர்க், அதற்கப்புறம் லடாக். வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு வருஷக்கணக்கில் சுற்றுவதாகத் திட்டம்.

அந்த வீட்டு மாடியில்தான் நான் இருக்கிறேன் சார். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. காலையில் எழுந்ததும் கீழே அக்காவின் குரல் கேட்க வேண்டும், மச்சானைத் திட்டினாலும் சரி, குக்கரைத் திட்டினாலும் சரி. அது கேட்காமல் எனக்கு ஒரு நாளும் விடிந்ததில்லை. அக்கா போகக் கூடாது. நான் நினைத்தது அவ்வளவுதான். அதில் தப்பு ஒன்றும் இருப்பதாக இப்போதும் தோன்றவில்லை.

இதற்கு முன்னால் அவர்கள் மகள் ஜாய்ஸ், ஆஸ்திரேலியாவுக்கு வந்து தன்னோடு இருக்கும்படி கூப்பிட்டாள். அப்போது அக்காவின் பாஸ்போர்ட் காணாமல் போனது. அது வேறு விஷயம், அதை நீங்கள் கேட்கவில்லை.

"மாப்ளே, நீதாம்ப்பா வண்டி பாத்துக் குடுக்கணும். ஒன்னய விட்டா இதுல எனக்கு யாரு இருக்கா?" என்றார் மச்சான். அப்படி நம்பிக் கேட்கும்போது மாட்டேன் என்று சொல்வது மரியாதையாக இருக்காது. மூன்று பேருமாகக் கோயம்புத்தூர்ப் பக்கம் போனோம். அங்கே மதன்குமார் என்று ஒரு பையன் கேம்பர் கட்டி விற்கிறான். இரண்டு கேம்பர் காட்டினான்.

முதலாவது, கூரையை மடக்கினால் கையகலத்துக்கு அடங்குகிற மாதிரி. மேல்பாதி கெட்டித் துணி. எடை குறைவு, உயரம் குறைவு, மரக்கிளை இடிக்காது. தண்ணீர்த் தொட்டியை டிரைவர் சீட்டுக்குப் பின்னாலேயே ஒட்டி வைத்திருந்தான். கெட்டிக்காரன். மண் பாதைக்கு இதைவிடப் பொருத்தமானது கிடையாது என்று குனிந்து பார்த்த உடனே தெரிந்துவிட்டது. அதனால் அதை ஒதுக்க வேண்டியதாயிற்று.

"துணியா இருக்கே மச்சான்," என்றேன். "மேகமலைப் பக்கம் நிப்பாட்டிப் படுத்திருக்கீக. யானை வந்து சும்மா தடவிப் பாத்தாக்கூட என்ன ஆகுறது?"

"ஆத்தாடி, யானையா?" என்றாள் அக்கா. "துணி வேணாம்ங்க."

இரண்டாவது முழுக்கத் தகரச் சுவர். உள்ளே மர பீரோ, மர அலமாரி, ஆள் நிமிர்ந்து நிற்கிற உயரம். ஆட்கள் ஏறுவதற்கு முன்பே வண்டி தாங்குகிற எடை முடிந்துவிடும். மதன்குமார் உள்ளதைச் சொன்னான். "இது தார் ரோட்டுக்குத்தானுங்க. மேடு பள்ளத்துக்கெல்லாம் ஆகாதுங்க. அந்தத் துணிக் கூரையே எடுத்துக்குங்க சார்." நான் மச்சானைத் தனியாகக் கூப்பிட்டு, விலைபோகாத சரக்கை நம் தலையில் கட்டப் பார்க்கிறான் என்றேன். அந்தப் பையன்மீது எனக்கு எந்தக் கோபமும் இல்லை.

தகரப் பெட்டி வந்து சேர்ந்தது. மிச்ச வேலையைக் கடையில் வைத்து நானே பார்த்தேன். தண்ணீர்த் தொட்டியைக் கழற்றி, கடைசியில், பின்கதவு ஓரத்தில் மாட்டினேன். கை கால் கழுவ வசதி என்று சொன்னேன். வசதிதான், அதில் பொய் இல்லை.

பிக்கப்பில் பாரம் பின்சக்கரத்துக்கு முன்னால் உட்கார வேண்டும் சார். அதைத் தாண்டிப் பின்னால் போனால் ஏற்றத்தில் முன்சக்கரம் மண்ணைத் தொட்டும் தொடாமலும் நிற்கும், ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் ஒடித்தாலும் வண்டி கேட்காது. கம்பத்து எஸ்டேட் ஜீப்புகளைப் பார்த்திருப்பீர்கள். பின்னால் ஆள் நெருக்கியடித்து ஏறிவிட்டால், செங்குத்தான இடத்தில் இரண்டு பேரைப் பானெட்டில் உட்கார வைத்து ஏற்றுவார்கள். வெளியூர்க்காரர்கள் உள்ளே இடமில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள். அந்த இரண்டு பேர்தான் முன்சக்கரத்தை மண்ணில் அழுத்திப் பிடிக்கிறவர்கள். மச்சானுக்கு இது தெரியாது. தாலுகா ஆபீஸில் இதைச் சொல்லிக் கொடுப்பதில்லை.

அப்புறம் கிரைண்டர். அக்கா கடை மாவைத் தொடமாட்டாள். லடாக்கே ஆனாலும் தன் கையால் ஆட்டிய மாவில்தான் இட்லி. கல்லோடு கிரைண்டரைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள். நான் அதையும் பின்கதவுக்குப் பக்கத்திலேயே வைத்து பெல்ட் போட்டுக் கொடுத்தேன்.

"இங்கன இருந்தா எறக்க லேசா இருக்கும்க்கா."

"எந்தம்பிக்கு எம்மேல எம்புட்டு அக்கறை பாத்தீகளா?" என்று மச்சானிடம் சொன்னாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

போதகர் வந்து வண்டிமேல் கை வைத்து ஜெபித்தார். மேடு பள்ளங்களில் காத்தருளும் என்றார். நானும் ஆமென் சொன்னேன், மற்றவர்களைவிடச் சத்தமாகவே.

ஒரு தடவை எங்காவது மாட்டி, வெறுத்துப்போய்த் திரும்பி வருவார்கள் என்பதுதான் என் கணக்கு. வெள்ளோட்டத்துக்குக் கடமலைக்குண்டு தாண்டி, ஒரு சிநேகிதரின் இலவந்தோப்புக்குப் போகச் சொன்னேன். தோப்புக்குத் தார் ரோடும் உண்டு. நான் ஓடைக்கரை வழியைச் சொன்னேன். கரையேறுகிற இடம் சுவர் மாதிரி இருக்கும்.

கரைக்குக் கீழே நிறுத்திவிட்டு மச்சான் போன் செய்தார். "மாப்ளே, ஸ்டியரிங்கு பிடிமானமே இல்ல. முன்னாடி காத்துல நிக்கிற மாதிரி இருக்கு. ஏறலாமா, திரும்பிரவா?"

"ஏறுங்க மச்சான். ஃபர்ஸ்ட் கியரப் போட்டு, நிப்பாட்டாம ஏறுங்க," என்றேன்.

அக்காவை இறங்கி நடந்து வரச் சொல்லியிருக்கலாம். நினைவுக்கு வந்தது. கடையில் ஒருவர் கிளட்ச் பிளேட் கேட்டு நின்றுகொண்டிருந்தார், போனை வைத்துவிட்டேன்.

முன்பக்கம் தூக்கி, வண்டி பின்னாலேயே வழுக்கி, ஓடைக்குள் சாய்ந்தது. மச்சானுக்குச் சிராய்ப்புதான். அக்காவுக்கு வலது கை இரண்டு இடத்தில் முறிந்தது, காறை எலும்பும் போய்விட்டது. கிரைண்டர் கல் பெல்ட்டை அறுத்துக்கொண்டு தனியாக ஓடைக்குள் போய் உட்கார்ந்திருந்தது. அதற்கு ஒரு கீறல்கூட இல்லை. நம்ம ஊர்க் கல், அப்படித்தான் இருக்கும்.

ஆஸ்பத்திரிக்கு ஓடினேன், திராட்சை வாங்கிக்கொண்டு. விதையில்லாதது. வலியில் கிடக்கிறாளே, இனி அந்தப் பேச்சே எடுக்கமாட்டாள் என்று நினைத்துக்கொண்டுதான் உள்ளே போனேன். எனக்கும் நெஞ்சு வலித்தது சார். ஆனால் வலியோடு கொஞ்சம் நிம்மதியும் இருந்ததை மறைக்க விரும்பவில்லை.

அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தாள். "ஏலே ஸ்டான்லி, வண்டி சாஞ்சு கெடக்கு, நான் பெல்ட்டுல தொங்குறேன். அந்நேரம் கண்ணாடி வழியா மலை தெரியுதுலே. அம்புட்டு அழகு. இம்புட்டு வருசமும் எங்கன போய்க் கெடந்தோம்னு நெனச்சுக்கிட்டேன்."

எங்கே கிடந்தாள்? என்னோடுதான் கிடந்தாள். அந்த வார்த்தை என்னைச் சுட்டுவிட்டது. அவள் மச்சான் பக்கம் திரும்பி, "இன்சூரன்ஸ் பணம் வந்ததும் அந்தத் துணிக் கூரையவே எடுத்துருவோம்ங்க. யானை வந்தா வரட்டும், நானும் பாத்தாப்ல இருக்கும்," என்றாள். பென்ஷன் பணத்தையெல்லாம் முதல் வண்டியிலேயே போட்டுவிட்டார்கள். இனி உங்கள் கம்பெனி கொடுத்தால்தான் உண்டு.

நீங்கள் வந்ததும் கேட்ட முதல் கேள்வி, இது விபத்துதானே என்பது. விபத்து என்றால் பணம், குடும்பத்தில் ஒருவர் வேண்டுமென்றே செய்தது என்றால் இழுபறிதான், அநேகமாக வராது என்று நீங்களே சொன்னீர்கள். எழுதிக்கொள்ளுங்கள். தொட்டியை இடம் மாற்றியது நான். கல்லைப் பின்னால் வைத்தது நான். வழி சொன்னது நான். ஏறாதே என்று சொல்ல வேண்டிய இடத்தில் ஏறச் சொன்னது நான். எல்லாம் தெரிந்தே செய்தேன். மதன்குமார்மேல் ஒரு குற்றமும் இல்லை, அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், நான் நியாயமானவன். எங்கே கையெழுத்துப் போட வேண்டும்?

அக்காவிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். போலீஸ் அது இது என்று போகமாட்டாள், கூடப் பிறந்த தம்பி. ஆனால் கோபம் வரும். என் முகத்தில் விழிக்கமாட்டாள், மாடிப்படியைப் பார்த்துக் கத்துவாள், சாகும்வரை மன்னிக்காமலும் இருக்கலாம். இருக்கட்டும் சார், கத்துவதற்காவது கீழே இருப்பாள் அல்லவா?