செட் எழுதாத வரி

விழாவுக்குத் தலைமை தாங்கும் பெருமதிப்பிற்குரிய மலையாண்டி ஐயா அவர்களே, மணமேல்குடி மண்ணில் மகளிருக்கென்று கணினி மையம் திறக்க மனம் வைத்த பெரியோர்களே, மீன் கூடையை இறக்கிவைத்த கையோடு வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே, நாளை முதல் விசைப்பலகையைத் தொடப்போகும் தங்கைகளே! கட்டுமாவடிப் பெண் திலகவதியின் வணக்கம்.

வாழ்த்திப் பேசத்தான் அழைத்தார்கள். வாழ்த்த வாய் வரவில்லை. மூன்று ஆண்டுகளாக என் நெஞ்சு ஓரிடத்தில் உட்கார மறுக்கிறது. ஏன் என்று சொல்லிவிடுகிறேன்.

நான் படகுச் சங்கம் ஒன்றில் எழுத்தர். கடலுக்குப் போகும் படகையும் திரும்பும் படகையும் இரண்டு மேசைகளில் பதிவோம். இரண்டையும் சேர்த்து, இன்னும் கடலில் எத்தனை படகு என்று சொல்ல, எக்செலில் நானே ஒரு மேக்ரோ, அதாவது தானே கணக்குப் பார்க்கும் கட்டளைத் தொகுப்பு, எழுதினேன். பொத்தானை அழுத்தினால் பதில். எத்தனை பெருமை எனக்கு! எத்தனை பாராட்டு!

ஒரு கார்த்திகை மாதம். நண்பகலில் புயல் எச்சரிக்கை. படகுகள் பறந்து வந்தன. இரண்டு மணிக்குப் பொத்தானை அழுத்தினேன். 'கடலில் உள்ள படகு: பூஜ்யம்' என்றது. ஒலிபெருக்கியில் அறிவித்தேன், தேடப் போக நின்றவர்கள் வீட்டுக்குத் திரும்பினார்கள்.

ஒரு மணி நேரம் கழித்து, நனைந்த சேலையோடு ஒரு பெண் வந்து நின்றார். இதோ, முன்வரிசையில் என் இருக்கைக்குப் பக்கத்தில் இருக்கும் அமிர்தவல்லி அக்காதான். அவர் சம்மதித்ததால் சொல்கிறேன். கணவர் ராக்கன் அண்ணன் வீடு வரவில்லை என்றார். நான் தலையைக்கூட நிமிர்த்தாமல், எல்லாப் படகும் வந்துவிட்டதாகக் கணினி சொல்கிறது என்றேன்.

"ஒங்க கம்ப்யூட்டர் சொல்லட்டுங்க. படகு கட்டுற எடத்தப் பாத்துட்டுத்தான் வாரேன். அங்கிட்டு எங்க படகு இல்ல."

அப்போதுதான் திரையில் எக்செல் தாளைப் பார்த்தேன். எண்ணிக்கை வரும் கட்டத்தில், அறை என்கிறோமே, அதில் ஒன்று என்று இருந்தது. காலையில் கரைக்கு வந்த ராக்கன் அண்ணன், பத்து மணிக்கு மறுபடி போயிருக்கிறார். போகும் படகைப் பதியும் மேசையில் அது பதிவாகியும் இருக்கிறது.

பின்வரிசையில் ஒரு தங்கை, அறை சரியென்றால் மேக்ரோ ஏன் பொய் சொன்னது என்று கேட்கிறார். கேளுங்கள், கேட்கத்தான் வேண்டும்! பதிவுகளைச் சேர்ப்பதற்கு முன்பே, மேக்ரோவின் முதல் வரியில், அந்த அறையை ஒரு மாறியில், அதாவது மதிப்பைப் போட்டுவைக்கும் ஒரு பெயரில், வாங்கினேன். வெறும் சமக்குறி போட்டு வாங்கினேன். எண்ணுக்கும் எழுத்துக்கும் அது போதும். அறை, தாள் போன்ற பொருளையே பிடித்துவைக்க வேண்டுமென்றால் முன்னால் 'செட்' என்று எழுத வேண்டும். எழுதியிருந்தால் மாறி அந்த அறையையே காட்டியிருக்கும். அறை மாறினால் புதிய எண் வந்திருக்கும். எழுதாததால் அந்த நொடியில் அறைக்குள் இருந்த பழைய பூஜ்யத்தை மட்டும் எடுத்துக்கொண்டது. அதன்பின் அறை ஒன்றானது. என் மாறி பூஜ்யமாகவே நின்றது. வழக்கமாக எல்லாப் படகும் வந்தபின் மாலையில்தான் பொத்தானை அழுத்துவேன் என்பதால், அதுவரை பிழை தெரியவில்லை. மாறியை அறையைக் குறிக்கும் 'ரேஞ்ச்' வகை என்று அறிவித்திருந்தாலாவது எந்திரம் பிழை என்று நின்றிருக்கும். அதையும் நான் செய்யவில்லை.

தேடப் போக நின்று வீடு திரும்பியிருந்த நிலவழகன் அண்ணனும் இன்னும் மூவரும் கொந்தளிக்கும் கடலில் படகை இறக்கினார்கள். அமிர்தவல்லி அக்கா கரையில் அழவில்லை, அமரவில்லை. அங்கிட்டும் இங்கிட்டும் நடந்துகொண்டே இருந்தார். நானும் பின்னாலேயே நடந்தேன். பொழுது சாயும் முன் ராக்கன் அண்ணனைக் கொண்டுவந்தார்கள். கவிழ்ந்த படகைப் பற்றியபடி மிதந்திருக்கிறார். உயிர் இருந்தது. படகு மோதி நொறுங்கிய வலது தோள் மட்டும் சரியாகவில்லை. இன்றுவரை அவரால் வலை இழுக்க முடியவில்லை. ஒரு மணி நேரம் முன்னால் போயிருந்தால்? அந்தக் கேள்விதான் என்னை உட்கார விடுவதில்லை.

மருத்துவமனையில் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "அந்த வரிய மாத்திட்டியாம்மா?" என்று மட்டும் கேட்டார். மாற்றிவிட்டேன் என்றேன். "அப்ப மத்த வரியவும் பாரு."

பார்த்தேன். இன்னும் இரண்டு இடங்களில் அதே பிழை!

தங்கைகளே, தெரியாதது குற்றமா? இல்லை. சோதிக்காதது குற்றம். பொத்தான் பதில் சொன்னதும் நிம்மதி அடைந்தேனே, அது குற்றம். எதிரே நின்ற மனுசியை விட்டுவிட்டு எண்ணை நம்பினேனே, அது பெருங்குற்றம்! எழுதுங்கள், அஞ்சாமல் எழுதுங்கள். ஆனால் மாறிக்குள் இருப்பது மதிப்பா, பொருளா என்று வரிக்கு வரி கேளுங்கள். ஓர் அறையை மாற்றிப் பாருங்கள். மறுபடி ஓட்டிப் பாருங்கள். யாராவது வந்து இல்லை என்று சொன்னால், எழுந்து போய்க் கரையைப் பாருங்கள்!

பொறுமையோடு கேட்ட உங்களுக்கும், என் பக்கத்தில் உட்காரச் சம்மதித்த அமிர்தவல்லி அக்காவுக்கும், இந்த நிமிடம் கடலில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் என் நன்றி, என் வணக்கம்.