தொம்மையை முழுங்குன இரும்புக் கப்பல்

ரொம்ப காலத்துக்கு முந்தி. எம்டன் வந்து மெட்ராசுல குண்டு போட்டானே, அதுக்கும் முந்தி. இந்த முள்ளித்துறையில கயித்தான், கயித்தான்னு ஒருத்தர் இருந்தாராம். எனக்குப் பூட்டன். ஆளு நல்ல உசரமாம், அதட்டல் அதைவிட உசரமாம். நான் பாத்தேனா? சொல்லுவாங்க.

ஒரு வருசம் கடல்ல மீனே இல்லையாம். வலை போட்டா பாசி, இழுத்தா பாசி. பாசியைத் திங்க முடியுமா? கயித்தான் ஊர் ஆளுகளைக் கூட்டிக்கிட்டுத் தோணியேறி கொழும்புக்குப் போயிட்டாராம். அங்க கப்பலுக்குக் கரி ஏத்துற வேலை. கூடவே தங்கச்சி மதலேன் புருசன் தொம்மையும் போனான். "அண்ணே, அவரு வாயில்லாப் பூச்சி. பாத்துக்கோ"ன்னு மதலேன் சொன்னாளாம். "என் கண்ணுலயே வச்சிருப்பேன், போ"ன்னாராம் இவரு.

அப்ப சீனத்துல கலகம். செர்மன்காரன் சண்டைக்குப் போறான். மனுவார் கப்பல்னு சொல்லுவாங்க அப்ப, சண்டைக் கப்பலை. அது கொழும்புல வந்து நிக்குது. மத்த மனுவாருக்கு முன்னால ஒரு பீரங்கி மேடை, பின்னால ஒண்ணு. இதுக்கு நடுவுலயும் ஒண்ணு. நடுவுல இடம் பத்தலைன்னு அந்தப் பீரங்கிக் குழலை மட்டும் கட்டையா வச்சிருந்தானாம். அதான் அடையாளம். பேரு ஏதோ ராசா பேரு, நம்ம வாயில நுழையாது.

செவுரு எப்படின்னு கேளுங்க. வெளிய ஒரு முழத்துக்கு இரும்பு. இரும்புக்குப் பின்னால தேக்குப் பலகை. அதுக்கும் பின்னால, ஓரமா நெடுக, கரி அறை. குண்டு வந்தா இரும்பு தாங்கும், இரும்பு விட்டா கரி தாங்கும். உள்ள இருக்கவனுக்கு ஒண்ணும் ஆகக்கூடாதாம். கெட்டிக்காரன்தான் செஞ்சவன். உள்ள இருக்கவன் கத்துனா வெளிய கேக்கணுமேன்னு மட்டும் அவனுக்குத் தோணல.

மேல்தட்டுல ஆளு நுழையுற அளவுக்கு ஓட்டை. மேலேருந்து ஒருத்தன் கூடை கூடையாக் கொட்டணும். உள்ள இறங்குனவன் அதை மூலை மூலையாத் தள்ளணும். தொம்மை உள்ள இறங்குனான். ஒரே தூசி, ஒரே வெக்கை, மூலையில நிக்கிறவன் மேல இருக்கவனுக்குத் தெரியமாட்டான். மேல நிக்கிற செர்மன்காரன் வேகம் வேகம்னு கத்துறான். கூட வந்த மத்த கப்பலெல்லாம் கெளம்பிருச்சாம்.

ஏத்தி முடிஞ்சது. எல்லாரும் படகுல எறங்கியாச்சு. கங்காணி கேக்கான், "கயித்தான், உன் ஆளு எல்லாம் வந்தாச்சா?"

கயித்தான் திரும்பிப் பாத்தாரு. அத்தனை பேரும் கரிக் கட்டை. எவன் மூஞ்சியும் எவனுதுன்னு தெரியல. மதுரைப் பக்கத்து ஆளு ஒருத்தன் கூட வேலை பாத்திருக்கான். அவன் சொன்னானாம், "பேரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பாருங்களேன்."

கயித்தானுக்கு வந்துச்சே கோவம். "ஏல! தண்ணி மேல நின்னுக்கிட்டு ஆளு பேரைச் சொல்லச் சொல்லுதியா? கடலு கேட்டுக்கிட்டா அவனைக் கேட்டு வாங்கிரும்ல!" அப்ப நம்ம துறையில அதான் வழக்கம். தண்ணியில எறங்கிட்டா மாப்ள, மச்சான், ஏய், ஓய். பேரு மட்டும் வாயில வரக்கூடாது.

"எல்லாம் வந்தாச்சு, மூடச் சொல்லு"ன்னுட்டாரு கயித்தான். இரும்பு மூடி. டங்குன்னு மூடிட்டான்.

கரைக்கு வந்து குளிக்காங்க. கரி கழுவக் கழுவ ஆளு ஆளாத் தெரியுது. இவன் சந்தியாகு. இவன் இன்னாசி. இவன் பவுலு. தொம்மை எங்க? தொம்மை எங்க? கயித்தான் கடலைப் பாத்தாராம். புகை மட்டும் தெரிஞ்சுதாம். இடுப்பளவு தண்ணியில நின்னுக்கிட்டு, "தொம்மை! தொம்மை!"ன்னு கத்துனாராம். அப்பக் கத்தி என்ன செய்ய?

ஊருக்கு வரல அவரு. எந்த மூஞ்சியோட வருவாரு? கொழும்புலயே கெடந்து, வர்ற கப்பக்காரனையெல்லாம் கேப்பாராம், "மூணு மேடை, நடுக்குழல் கட்டை, பாத்தியா?" இங்க மதலேன் தெனமும் அவனுக்கும் சேத்து உலை வச்சிருக்கா. தாலியைக் கழட்டவா, வேண்டாமான்னு தெரியாம ஒரு வருசம் இருந்திருக்கா, பாவி மக.

மறு வருசம் அந்தக் கப்பல் திரும்பி வந்துச்சு. சீனத்துல பெருசா ஒண்ணும் சுடலையாம். கயித்தான் கரிக் கூடையோட ஏறி, அதே ஓட்டையில எறங்குனாரு. விளக்கைத் தூக்கிப் பிடிச்சு மூலைக்குப் போனாரு. செவுத்துல நெஞ்சு உசரத்துக்குப் பெயிண்டு உதிர்ந்து கெடக்கு. மம்பட்டியால அடிச்ச அடி. பக்கம் பக்கமா, பக்கம் பக்கமா அடிச்சிருக்கான். வெளிய ஒரு முழ இரும்பு. எவன் காதுல விழும்?

அடுப்புக்குக் கரி தள்ளுற செர்மன்காரன் ஒருத்தன் அதைப் பாத்துக்கிட்டே வந்தானாம். பாசை தெரியாது. கன்னத்துல கைவச்சுத் தூங்குற மாதிரி காட்டுனான். துணி சுத்துற மாதிரி காட்டுனான். அப்புறம் கடல் இருக்க பக்கம் கையைக் காட்டுனான். தொப்பியைக் கழட்டிட்டு நின்னான்.

கயித்தான் ஊருக்கு வந்து, ஒளிக்காம எல்லாத்தையும் சொன்னாரு. அடிச்ச தடத்தையும் சொன்னாரு. மதலேன் அழல. ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாளாம், "ஏண்ணே, ஒரு தடவை பேரைச் சொல்லிக் கூப்பிட்டிருந்தா ஓய்னு பதில் குரல் குடுத்திருப்பாரே. கூப்பிட வாயில்லாமப் போச்சா உனக்கு?"

மறுநாள் விடிய, துறையில அத்தனை வள்ளமும் நிக்குது. கயித்தான் நெஞ்சளவு தண்ணியில எறங்குனாரு. "கடலே! கயித்தான்! என் பேரு கயித்தான்! கேட்டுக்கிட்டியா?"ன்னு கத்துனாரு. அவரே "ஓய்"னும் சொன்னாரு. "எவன் பேராவது வேணும்னா மொதல்ல என் பேரு இருக்கு, எடுத்துக்கோ"ன்னாரு. ஊரே நடுங்கிப்போச்சு. ஆனா கடல் அவரை எடுக்கல. வயசாகிப் படுக்கையிலதான் போனாரு.

அந்தக் கப்பலா? அதைவிடப் பெரிய பெரிய கப்பல் வந்ததும் இது பழசாப்போச்சு. துலுக்கி தேசத்துக்கு வித்துட்டானாம். அப்புறம் பெரிய சண்டை வந்தப்ப தண்ணிக்கடியில வெடி வச்சு முக்கிட்டானாம் எவனோ. சேதி கேட்டு ஊர்க்காரன் சிரிச்சானாம், ஒழிஞ்சுதுன்னு. கயித்தான் சிரிக்கல. "உள்ள எத்தனை பேரு அடிச்சுக்கிட்டே இருந்தானுவளோ"ன்னு சொல்லி அழுதாராம்.

கயித்தான் அன்னைக்குத் தண்ணியில நின்னு பேரைச் சொன்னதுலருந்துதான் முள்ளித்துறையில வள்ளம் தள்ளுறதுக்கு முன்ன ஆளு ஆளாப் பேரு கூப்பிடுறது. பக்கத்துத் துறைக்காரன் இன்னைக்கும் நம்மளைக் கிறுக்கனுகங்கான். சொல்லிட்டுப் போறான். பேரு வந்தவன் ஓய்ங்கணும், அடுத்த பேரு, ஓய், அடுத்த பேரு. எல்லாம் முடிஞ்சப்புறம் கடைசியா "தொம்மை"ன்னு கூப்பிடுவோம். மதலேன் கேட்டு வாங்குன வழக்கம் அது. இந்த ஊர்ல தொம்மைன்னு யாருக்கும் பேரு வைக்கிறதில்ல. அதனால யாரும் ஓய் சொல்ல மாட்டாங்க. கொஞ்ச நேரம் சும்மா நின்னு கேட்டுட்டுத்தான் வள்ளத்தைத் தள்ளுவோம்.